மட்டையில் படாத பந்து

அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்ட வரலாற்றிலே டெட் வில்லியம்ஸ் என்பாரின் பெயர் நிலைபெற்றுவிட்ட பெயராகும். 1941ஆம் ஆண்டில் அவர் பெற்ற அடிச் சராசரி .406. அதன் பின்னர் அமெரிக்க லீக், தேசிய லீக் என்னும் இரண்டு பெருஞ் சங்கங்களிலும் ஒரு பருவம் முழுவதும் ஆடி .400 என்னும் எல்லையைத் தொட்டவர் எவருமிலர். கூரிய கண்பார்வைக்கும் பந்தை அடிக்கும் கலை பற்றிய நுண்ணறிவுக்கும் அவர் பெயர்பெற்றிருந்தார். அத்தகையவர் 1960களில் கனெற்றிக்கற் மாநிலத்து வாட்டர்பரி நகரிலே, மக்கள் திரண்டிருந்த ஒரு காட்சி ஆட்டத்தில், ஜோன் ஜொய்ஸ் என்னும் பெண்மணி வீசிய மென்பந்தை எதிர்த்து நின்றார். வந்த பந்துகளுள் மிகப் பெரும்பாலானவை அவருடைய மட்டையில் படவே இல்லை.

2004ஆம் ஆண்டிலும் இதையொத்த ஒரு நிகழ்ச்சி நடந்தது. அக்காலத்தில் பேஸ்போல் ஆட்டத்தில் தலைசிறந்த அடிவீரருள் ஒருவராக விளங்கிய அல்பேர்ட் புஹோல்ஸ், ஜெனி பின்ச் என்னும் வீராங்கனை வீசிய மென்பந்தைத் தொட முடியாமல் மூன்று முறை தவறி வெளியேறினார். தோள்வலிமையில் இக்குறையில்லை; துணிவிலும் குறையில்லை. அவ்வாறாயின், பந்து மட்டையில் படுவதற்கு வேண்டுவது யாது?

இவ்வினா பெரிய வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் ஒவ்வோர் இளவேனிலிலும் சிறுமியர் பலர் தலைக்கவசம் அணிந்து, மட்டையைத் தோளிலேந்தி, இவ்வினாவின் எதிரே நிற்கின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பந்து வருகிறது, அவள் வீசுகிறாள், மட்டை காற்றைக் கிழிக்கிறது, பந்து பின்னால் நிற்பவளின் கையுறைக்குள் ஒலியுடன் விழுகிறது. வேலிக்கு அப்பால் நிற்கும் தந்தையார், “பந்தைப் பார், பந்தைப் பார்” என்று கூவுகின்றார். பயிற்சியாளர், “முழங்கையை உயர்த்து” என்கின்றார். தாயார், “பயப்படாதே” என்கின்றார். மூன்றாம் முறையும் தவறுகின்றது. அவள் தலைகுனிந்து திரும்புகின்றாள். வீட்டுக்குச் செல்லும் வழியில் வாகனத்தில் எவரும் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு இளவேனில் வரும்போது, தனக்கு இவ்வாட்டம் வேண்டாம் என்கின்றாள். அவள் இழந்தது ஓர் ஆட்டத்தை மட்டுமன்று. முயன்றால் தன்னால் கற்றுக்கொள்ள முடியும் என்னும் நம்பிக்கையின் ஒரு பகுதியையும் இழந்துவிடுகின்றாள். ஆகவே, பந்து மட்டையில் படாமைக்கான காரணங்களை முதியோர் அறிந்திருப்பது அவசியமாகின்றது.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இலங்கையில் ‘மென்பந்து’ என்றவுடன் ரெனிஸ் பந்தைக்கொண்டு ஆடும் துடுப்பாட்டமே பலருக்கு நினைவில் வரும். இங்கே கூறப்படுவது அதுவன்று. 1887ஆம் ஆண்டு நன்றிநவிலல் திருநாளிலே சிக்காகோ நகரின் பரகட் படகுக் கழகத்தில் கூடியிருந்த இளைஞர், யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்ட முடிவை எதிர்பார்த்திருந்தனர். முடிவு தெரிந்த மகிழ்ச்சியில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கியெறிய, இன்னொருவர் அதை ஒரு கோலால் அடித்தார். அங்கிருந்த ஜோர்ஜ் ஹன்கொக் என்பார் அக்கையுறையையே பந்துபோற் கட்டி, கட்டடத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை அமைத்தார். பல பெயர்களால் வழங்கிவந்த அவ்வாட்டத்துக்கு ‘சொப்ட்போல்’ என்னும் பெயரை 1926இல் வோல்டர் ஹக்கன்சன் முன்மொழிந்தார். பெயரில் மென்மை உண்டேயன்றி, இன்றைய பந்தில் மென்மையில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுமியர் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். அது உடலிற் பட்டால் நோகும்.

துடுப்பாட்டம் அறிந்தோர்க்கு ஓர் ஒப்புமை விளக்கந் தரும். துடுப்பாட்டத்தில் இரண்டு விக்கெற்றுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 66 அடி. வளர்ந்த பெண்கள் ஆடும் மென்பந்தாட்டத்தில் பந்தெறிபவள் நிற்கும் இடம் 43 அடித் தூரத்திலேயே உள்ளது. பன்னிரண்டு வயதினர்க்கு அது 40 அடி. துடுப்பு தட்டையானது, நாலேகால் அங்குலம் வரை அகலமுடையது. மென்பந்து மட்டையோ உருளை வடிவானது. அதன் மிகத் தடித்த பகுதியின் விட்டமும் இரண்டேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது. துடுப்பாட்டக்காரர் பந்தைத் தடுத்து நின்று நாள் முழுவதும் ஆடலாம். மென்பந்தாட்டத்தில் அடிக்கத்தக்க பந்து மூன்று முறை தவறினால் அவள் வெளியேற வேண்டும். நம்முடைய எல்லே ஆட்டத்தில் மூங்கிற் கோலுடன் நிற்பவருக்கு மூன்று வாய்ப்பே உண்டென்பதை நினைவுகூர்ந்தால் அவளுடைய நிலை ஒருவாறு விளங்கும்.

இனிக் காலக்கணக்கைப் பார்ப்போம். அந்தச் சிறுமியை நோக்கிப் பந்து மணிக்கு 45 மைல் வேகத்தில் வருகிறதென்று கொள்வோம். அது ஒரு நொடிக்கு 66 அடி. எறிபவள் முன்னே காலெடுத்து வைத்துப் பந்தை விடுவதனால், பந்து கடக்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 35 அடியே. ஆகவே பந்து கையை விட்டது முதல் தட்டைக் கடக்கும்வரை அரை நொடிக்குச் சற்று மேற்பட்ட நேரமே உண்டு. மட்டையை வீசுவதற்கே நொடியில் ஐந்திலொரு பங்கு செல்லும். எஞ்சிய மூன்றிலொரு பங்கு நொடியளவிலே பந்து எங்கே வருகிறது, எவ்வளவு விரைவாக வருகிறது, அடிப்பதா விடுவதா என்பனவெல்லாம் முடிவாகிவிட வேண்டும். வளர்ந்த வீராங்கனையர் மணிக்கு 65 மைல் வேகத்தில் எறியும் பந்து தட்டை அடைய எடுக்கும் நேரமோ நொடியில் பத்தில் நான்கு பங்கு. அறுபதடி தூரத்திலிருந்து மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்படும் பேஸ்போல் பந்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே செல்லும்.

இவ்வளவு குறுகிய நேரத்தில், “பந்து மட்டையில் படும்வரை பார்த்துக்கொண்டே இரு” என்னும் அறிவுரை நடைமுறைக்கு ஒவ்வுமா? டெரி பாஹில் என்னும் பொறியியல் அறிஞரும் அவருடைய உடனாய்வாளரும் 1984இல் வெளியிட்ட பேஸ்போல் பற்றிய ஆய்வு இதற்கு விடை தந்தது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண்ணும் பந்தை இறுதிவரை தொடர்வதில்லை. தட்டுக்கு ஐந்தாறு அடி முன்னதாகவே பந்து கண்ணின் வேகத்தை மிஞ்சிச் சென்றுவிடுகின்றது. கடைசி அடிகளில் மட்டையை வழிநடத்துவது கண்ணன்று. தொடக்கத்திற் கண்டதைக்கொண்டு மனம் வகுத்த எதிர்பார்ப்பே. டெட் வில்லியம்சும் புஹோல்சும் தடுமாறியதற்குப் பெருங்காரணம் இதுவே. மேலிருந்து எறியப்படும் சிறிய பந்தை ஆயிரமாயிரம் முறை கண்டு பழகிய அவர்களுடைய மனம், இடுப்பளவிலிருந்து கீழ்க்கை வீச்சாக வரும் பெரிய பந்தின் போக்கை முன்னறியக் கற்றிருக்கவில்லை. அவர்களிடம் பழகிய கண் இருந்தது. ஆனால் இந்தப் பந்துக்குப் பழகிய கண் இருக்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம் தெளிவானது. பந்தைச் சந்திக்கும் திறன் பிறப்பிலே வந்த வரமன்று. பார்த்துப் பார்த்துப் பழகிய பழக்கம். பெரிய வீரரே பழகாத பந்துக்கு முன் தவறுவாராயின், சிறுமி தவறுவது அவளுடைய இயலாமைக்குச் சான்றாகாது. அவள் இன்னும் போதிய பந்துகளைக் காணவில்லை என்பதற்கே அது சான்று.

ஆகவே, மட்டையைப் பற்றி ஆராயுமுன் கண்ணைப் பற்றி ஆராய்தல் வேண்டும். அடிக்கடி பந்தைத் தவறவிடும் பிள்ளையைக் கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நன்று. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குன்றியிருக்கும் பிள்ளை வகுப்பில் எவருக்கும் தெரியாமலே காலங்கழிக்கக்கூடும். தூரத்தை மதிப்பிடுவதற்கு இரண்டு கண்களும் ஒத்துழைக்க வேண்டும். கண்ணாடி அணிந்தால் தீரும் குறைக்காக ஒரு பிள்ளையை ‘கவனமில்லாதவள்’ என்று ஏசுவது பெரும் பிழையாகும்.

பார்வை செம்மையாயின், அடுத்து எங்கே பார்ப்பது என்பதைக் கற்பிக்க வேண்டும். “பந்தைப் பார்” என்பது போதாது. பந்து எங்கே தோன்றும் என்பதைக் கூற வேண்டும். மென்பந்து எறிபவள் தன் கையை ஆலைச் சக்கரம்போல ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பின் அருகே பந்தை விடுகின்றாள். சுழலும் கையைத் தொடர்ந்து செல்லும் கண் குழப்பமடையும். ஆகையால், சிறுமி முதலில் எறிபவளின் மார்பளவில் இளைப்பாறிய பார்வையுடன் நோக்கியிருக்க வேண்டும். கை கீழிறங்கி வரும்போது பார்வையை அவளுடைய இடுப்போரத்துக்கு மாற்றவேண்டும். பந்து வெளிவரும் அந்தச் சிறு சாளரத்தைக் கண்டுகொண்டவளுக்கு, பந்தின் முதற் பத்தடிப் பயணம் முழுவதும் கிடைத்துவிடுகின்றது. காணாதவளுக்கோ பந்து பாதி வழியிலேதான் புலப்படும். எஞ்சிய நேரம் போதாது.

இதற்கு மட்டையை வீசாமலே செய்யத்தக்க பயிற்சி ஒன்றுண்டு. தன் குழுவினள் ஒருத்தி எறிந்து பழகும்போது, சிறுமி தலைக்கவசம் அணிந்து தட்டருகே நின்று, பந்து செல்வதைக் கையுறைவரை பார்த்திருத்தல் வேண்டும். அடிக்கத்தக்க பந்தாயின் ‘ஆம்’ என்றும், அல்லாததாயின் ‘இல்லை’ என்றும் பந்து தட்டை அடையுமுன் கூறவேண்டும். பந்துகளின்மேல் பெரிய எண்களை எழுதி, மெதுவாக எறிந்து, எண்ணைச் சொல்லச் செய்வதும் உண்டு. வீசுவதற்குரிய பொறுப்பு நீங்கியவுடன் கண் அச்சமின்றித் தன் வேலையைச் செய்கின்றது.

கண்ணுக்குத் துணையாக இருப்பது தலையின் அமைதி. மட்டையை வேகமாக வீச விரும்பும் பிள்ளை தன் உடல் முழுவதையும் திருகி, தலையையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். தலை அசைந்தால் கண் அசையும். கண் அசைந்தால் மனம் வகுத்த கணக்குப் பிழைக்கும். வீச்சு முடிந்த பின்னும் முகவாய் பின்தோளருகே தங்கி, கண்கள் பந்து பட்ட இடத்தை நோக்கியிருக்குமாயின் அவள் சரியான நெறியில் இருக்கின்றாள் எனலாம்.

அடுத்தது மட்டை. பல வீடுகளில் நேரும் தவறு, அடுத்த ஆண்டுக்கும் உதவும் என்றெண்ணிப் பெரிய மட்டையை வாங்குவதாகும். பாதணியைச் சற்றுப் பெரிதாக வாங்கலாம். மட்டையை அவ்வாறு வாங்கலாகாது. பாரமான மட்டை காலந்தாழ்த்தியே வரும். மேலும் அதன் நுனி கீழே சரியும். ஒரு கையால் மட்டையின் அடியைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோளுக்கு நேராக நீட்டி, சிறிது நேரம் நடுக்கமின்றி நிற்க முடியாவிடின், அம்மட்டை அவளுக்குப் பாரம் என்று கொள்ளலாம். மட்டையை உள்ளங்கையில் அழுத்திப் பிடியாமல் விரல்களில் ஏந்த வேண்டும். இறுகப் பிடித்த கை தோளையும் இறுக்கும். இறுகிய தோள் விரைந்து திரும்பாது.

பந்தும் மட்டையும் சந்திப்பது எத்துணை நுண்ணிய செயல் என்பதைச் சிறு கணக்கு காட்டும். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் விட்டம் மூன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். பந்தின் பாதி விட்டத்தையும் மட்டையின் பாதி விட்டத்தையும் கூட்டினால் 3 அங்குலம் வரும். அதாவது, மட்டையின் நடுக்கோடு பந்தின் மையத்துக்கு மேலோ கீழோ 3 அங்குலத்துக்கு மேல் விலகினால் இரண்டும் தொடவே மாட்டா. ஓரங்குலம் விலகினாலும் பந்து நேரே பாயாது. வானுக்கு எழும்பும், அல்லது தரையிற் புரளும். காலத்திலும் அவ்வாறே. மணிக்கு 45 மைல் வேகமுள்ள பந்து நொடியில் நூறிலொரு பங்கில் 8 அங்குலம் நகர்ந்துவிடுகின்றது.

இக்கணக்கு பிள்ளையை அச்சுறுத்துவதற்கன்று. மட்டையின் பாதை ஏன் முக்கியமானது என்பதை உணர்த்துவதற்கே. பந்து சற்றே கீழ்நோக்கிச் சரிந்து வருகின்றது. மட்டையைக் கோடரிபோல் மேலிருந்து கீழே வெட்டினால், மட்டையின் பாதை பந்தின் பாதையை ஒரேயொரு புள்ளியில் மட்டும் வெட்டும். அப்புள்ளியில் பந்து இல்லையாயின் அடி வீணே. மட்டை பந்தின் பாதையோடு ஒத்து, சற்றே மேல்நோக்கி நெடுந்தூரம் செல்லுமாயின், சிறிது முந்தினாலும் பிந்தினாலும் எங்கேனும் ஓரிடத்தில் இரண்டும் சந்திக்கும். இரண்டு தெருக்கள் குறுக்கிட்டால் ஒரு சந்தியே உண்டு. இரண்டு தெருக்கள் சிறிது தூரம் ஒன்றாகவே ஓடினால் சந்திக்கும் வாய்ப்புப் பெருகும். கற்பித்தலில் இவ்வுவமை பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

நேரத்தைப் பிடிப்பதற்கு உற்ற வழி, முன்கூட்டியே ஆயத்தமாதல். எறிபவள் கையைச் சுழற்றத் தொடங்கும்போதே சிறுமி தன் நிறையை மெல்லப் பின்காலுக்குக் கொண்டு செல்லவேண்டும். பந்து கையை விடும் வேளையில் முன்காலை மெதுவாக எடுத்து வைத்துவிட வேண்டும். முட்டையின் மேல் மிதிப்பதுபோல மெதுவாக என்பது பொருந்தும். கால் எடுத்து வைப்பதும் மட்டையை வீசுவதும் ஒரே செயலாகிவிட்டால், பந்து மெதுவாக வரும்போது அவளால் காத்திருக்க முடியாது. இரண்டும் வேறு வேறாயின், கால் வைத்த பின்னும் ‘அடிக்கட்டுமா, விடட்டுமா’ என்று முடிவுசெய்ய ஒரு கணம் எஞ்சியிருக்கும். ஒவ்வொரு பந்தையும் அடிக்கவே போகின்றேன் என்ற எண்ணத்துடன் தொடங்கி, தகாத பந்தைக் கண்டால் கையை நிறுத்திக்கொள்வதே நற்பழக்கம். அடிப்பதா என்று ஐயத்துடன் தொடங்குபவளின் மட்டை எப்போதும் பிந்தியே வரும்.

தவறிய அடிகளும் செய்தி கூறுவனவே. வலக்கை ஆட்டக்காரியின் பந்து வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே அடிக்கடி செல்லுமாயின் அவள் பிந்துகின்றாள். இடப்பக்கம் வெளியே சென்றால் முந்துகின்றாள். மட்டை அடிக்கடி பந்தின் மேலாகச் சென்றால் தலையும் முன்தோளும் முன்னதாகவே எழும்பி விலகியிருக்கலாம். கீழாகச் சென்றால் பின்தோள் சரிந்திருக்கலாம். பயிற்சியாளர் சிறு குறிப்பேடு ஒன்றில் பத்துப் பதினைந்து அடிகளைக் குறித்துக்கொண்டால் ஒரு முறைமை புலப்படும். ஒரேயோர் அடியைக் கண்டு ஒரு திருத்தம் கூறுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் மறைந்திருக்கும் காரணமொன்று உண்டு. அது அச்சம். பந்து வரும்போது சிறுமியின் முன்கால் தட்டைவிட்டு விலகி வெளியே செல்லுமாயின், அவள் அடிக்கப் போகவில்லை, தப்பப் போகின்றாள். காலோடு தோளும், தோளோடு தலையும் விலகும். தட்டின் அப்பக்கத்தால் வரும் பந்தை அவளுடைய மட்டை எட்டவே முடியாது. ஒருமுறை பந்து பட்டு நொந்த பிள்ளைக்கு இவ்வச்சம் இயல்பு. “பயப்படாதே” என்ற சொல்லால் அது நீங்காது. அச்சத்துக்கு ஒரு வழி காட்டினால் நீங்கும். தன்னை நோக்கி வரும் பந்துக்கு முகத்தையும் மார்பையும் பின்புறமாகத் திருப்பி, உடலைக் குறுக்கி, முதுகைக் கொடுப்பது எவ்வாறு என்பதை ரெனிஸ் பந்தோ பஞ்சுப் பந்தோ கொண்டு விளையாட்டாகவே பழக்கலாம். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பதை அவளுடைய உடல் அறிந்துகொண்டால், கால் தானாகவே தன் இடத்தில் நிற்கும். கடினமான பந்துக்கு அதன் பின்னரே வருதல் வேண்டும். அவளுடைய அச்சத்தைக் கண்டு எவரும் நகைக்கலாகாது.

பயிற்சியின் ஒழுங்கு எளியதிலிருந்து அரியதற்குச் செல்லவேண்டும். கணிதம் கற்பிப்பவர் பின்னத்தை விட்டு நேரே இயற்கணிதத்துக்குத் தாவுவதில்லை. முதலில், இடுப்புயரத் தாங்கியின்மேல் பந்தை வைத்து அடித்தல். அசையாத பந்தை அடிப்பது சிறுபிள்ளைகளின் வேலை என்று கருதலாகாது. தேர்ந்த ஆட்டக்காரரும் இதனைக் கைவிடுவதில்லை. உடலை நெருங்கி வரும் பந்தை முன்னதாகவும், தட்டின் அப்பால் செல்லும் பந்தைச் சற்றுப் பின்னதாகவும் சந்திக்கவேண்டுமாகையால், தாங்கியை அவ்வவ்விடத்தில் மாற்றி வைத்துப் பழகலாம். இரண்டாவதாக, வலைத்தடுப்பின் பின்னிருந்து ஒருவர் கீழ்க்கையாக மெதுவாக இடும் பந்தை அடித்தல். மூன்றாவதாக, பந்திடும் வேகத்தை முன்னறிவிப்பின்றி மாற்றி மாற்றி இடுதல். இதுவே நேரத்தைப் பிடிக்கக் கற்பிப்பது. நான்காவதாகவே எறிபவளின் முழு வேகப் பந்து. பத்துப் பந்தில் ஏழு நன்றாகப் பட்ட பின் அடுத்த படிக்குச் செல்லலாம். தடுமாறினால் ஒரு படி இறங்குவதில் இழிவில்லை.

விலைமிக்க பொறிகள் இதற்கு வேண்டுவதில்லை. பழைய தாளைக் கசக்கிச் செய்த பந்தும் மெல்லிய கோலும் கண்ணுக்கு மிகச் சிறந்த ஆசிரியராகும். சிறிய பொருளை மெல்லிய கோலால் அடிக்கப் பழகிய கண்ணுக்கு, பெரிய பந்து முன்னிலும் பெரியதாகத் தோன்றும். எல்லேக் கோலேந்தி வளர்ந்த பிள்ளைகள் வேறு பந்தாட்டங்களுக்குச் செல்லும்போது இந்நன்மை அவர்களுக்கு வாய்க்கக்கூடும். நேரத்தைப் பொறுத்தமட்டில், வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் களைப்புறப் பழகுவதினும், நான்கு நாட்கள் இருபது நிமிடம் புத்துணர்வுடன் பழகுவது நன்று. களைத்த உடல் பிழையையே பழகிக்கொள்ளும்.

இனி, முதியோர் கடைப்பிடிக்கவேண்டியவை. அரை நொடியில் முடியும் செயலுக்கு நடுவே ஐந்து கட்டளைகளை எந்தப் பிள்ளையாலும் நிறைவேற்ற முடியாது. ஒருநாள் பயிற்சிக்கு ஒரு சொல்லே போதும். அச்சொல்லும் உடலின் உறுப்பைப் பற்றியதாக இராமல், செய்யவேண்டிய காரியத்தைப் பற்றியதாக இருத்தல் நலம். “முழங்கையைத் தூக்கு” என்பதைவிட, “பந்தை அந்த மரத்தை நோக்கி அனுப்பு” என்பது எளிதாகப் பலிக்கும். உடல் தன் உறுப்புகளைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். போட்டி நடக்கும் வேளை கற்பிக்கும் வேளையன்று. பரீட்சை மண்டபத்தில் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. வேலிக்கு அப்பாலிருந்து பெற்றோர் அளிக்கத்தக்க சிறந்த உதவி அமைதியே.

அளவுகோலையும் மாற்றவேண்டும். அடித்த பந்து எதிரியின் கைக்குப் போவதும் போகாததும் சிறுமியின் வசத்தில் இல்லை. நல்ல பந்தைத் தேர்ந்தாளா, பந்து மட்டையில் பட்டதா என்பவையே அவள் வசத்தில் உள்ளவை. வீட்டுக் குறிப்பேட்டில் அவற்றையே எழுதிவைக்கலாம். ‘சென்ற மாதம் பத்துக்கு மூன்று பட்டது, இந்த மாதம் பத்துக்கு ஐந்து படுகிறது’ என்று தன் கண்ணாலேயே காணும் பிள்ளைக்கு வேறு புகழுரை தேவையில்லை. டெட் வில்லியம்சின் .406 என்னும் பெருமைமிக்க எண்ணும், கணக்கில் வந்த பத்து வாய்ப்பில் ஏறக்குறைய ஆறில் அவர் வெற்றி பெறவில்லை என்பதையே கூறுகின்றது. இதனை ஒரு பிள்ளைக்கு எடுத்துக் கூறுவது, ஆட்டத்தைப் பற்றிய உண்மையையும் வாழ்க்கையைப் பற்றிய உண்மையையும் ஒருங்கே கூறுவதாகும்.

திரும்பும் வழியில் வாகனத்தில் நிலவும் அமைதியைப் பற்றியும் ஒரு சொல். தவறிய அடிகளை அங்கேயே ஆராயத் தொடங்குவதும் தவறு. முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதும் தவறு. “பசிக்கிறதா, என்ன சாப்பிடலாம்?” என்று கேட்கும் தந்தையார், பந்து பட்டாலும் படாவிட்டாலும் அவள் தம் மகளே என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகின்றார். அவ்வுறுதி பெற்ற பிள்ளை மறுநாள் மட்டையைத் தானாகவே தேடி எடுப்பாள்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, மத்திய அரசின் பணவுதவி பெறும் கல்விக்கூடங்களில் ஆண் பெண் என்ற வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்தது. அதன் பயனாகப் பள்ளிக்கூட விளையாட்டுக் களங்களின் கதவு பெண்பிள்ளைகளுக்கு அகலத் திறந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் பெண்கள் மென்பந்தாட்டம் ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றது. சட்டம் களத்தின் கதவைத் திறக்கும். உள்ளே சென்றவளை அங்கே நிலைத்திருக்கச் செய்வது அருகிலிருப்போரின் பொறுமை. அப்பொறுமை வாய்த்த சிறுமிக்கு ஒருநாள் பந்து மட்டையின் நடுவிலே படும். அப்போது கையில் அதிர்வே தோன்றாது. இனிய ஒலி மட்டும் எழும். அவள் ஓட மறந்து ஒரு கணம் நிற்பாள். “ஓடு, பிள்ளாய்!” என்று கூவுவதற்கு வேலிக்கு அப்பால் நிற்பவர்க்கு அதுவே உரிய வேளையாகும்.